நாய் முந்தியா, சொந்தக்காரர் முந்தியா?

லிஃப்ட் மூன்றாம் மாடியில் நின்றதும் ஒட்டடை வழக்கம்போலத் தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்தான். ஆறடிக்கு மேல் வளர்ந்துவிட்டு, அதற்கேற்ற சதை வைக்க மறந்துபோன உடம்பு. அந்தப் பெயரை வைத்தது அண்ணி. கல்யாணமாகி வீட்டுக்குள் வந்த புதிதில் மின்விசிறியைத் துடைக்க ஸ்டூல் தேடிக்கொண்டிருந்தவர், கொழுந்தனை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். அன்றோடு ஸ்டூலும் தேவைப்படவில்லை, பெற்றவர்கள் வைத்த பெயரும் தேவைப்படவில்லை.

அண்ணி இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய் சொல்லிப் பணம் கேட்பவர்களைப் பிடித்துப் பிடித்துக் கை பழகியவர். பிறகு வேலையை விட்டுவிட்டுத் தனியாகத் துப்பறியும் ஆபீஸ் போட்டார். ஒட்டடைக்கு எந்த வேலையும் நிலைக்காததால் அவன் அங்கே உதவியாளன். அவனைக் கேட்டால், அண்ணிக்கு அவன் இல்லாமல் ஆபீஸ் நிலைக்காது என்பான்.

"கம்ப்யூட்டர் கம்பெனியாமே அண்ணி. நமக்குக் கம்ப்யூட்டர் பத்தி என்ன தெரியும்?"

"எனக்கு ஆன் பண்ணத் தெரியும்."

"எனக்கு ஆஃப் பண்ணத் தெரியும். அப்ப கேஸ் முடிஞ்ச மாதிரிதான்."

வாசலிலேயே முதலாளி காத்திருந்தார். உருண்டையான மனிதர். கழுத்து டை இடப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தது.

"வாங்க மேடம், வாங்க. உள்ளே ஒரு ஆள் இருக்கு, யாருன்னு அப்புறம் சொல்றேன். ஒரு பெரிய சம்பவம் நடந்திருக்கு, அதையும் அப்புறம் சொல்றேன். முதல்ல உட்காருங்க."

"அண்ணி, எந்த நாற்காலின்னும் அப்புறம்தான் சொல்வாரோ?" என்று ஒட்டடை கிசுகிசுத்தான். அண்ணி அவன் காலை நன்றாக மிதித்தார். அவனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"அப்பா சொல்லி முடிக்கிறதுக்குள்ள பொழுது சாஞ்சிடும்," என்று உள்ளிருந்து ஒரு பெண் வந்தாள். முதலாளியின் மகள். இப்போது கம்பெனியை நடத்துவது அவள்தான் என்பது அவள் நடையிலேயே தெரிந்தது. "நானே சொல்லிடறேன், வாங்க."

விஷயம் இதுதான். அவர்கள் கால்நடை ஆஸ்பத்திரிகளுக்குப் புரோகிராம் எழுதிக் கொடுப்பவர்கள். எந்த நாய்க்கு எப்போது ஊசி, எந்தப் பூனைக்கு யார் சொந்தக்காரர் என்று எல்லாம் அதில் இருக்கும். அதை ஆதியில் ஒரு பழைய கம்ப்யூட்டர் மொழியில் எழுதினார்கள். இப்போது மொத்தத்தையும் ஒரு புது மொழிக்கு மாற்றி எழுதியிருக்கிறார்கள். நேற்று, ஊரெல்லாம் கிளை வைத்திருக்கும் ஒரு பெரிய கால்நடை ஆஸ்பத்திரிக்காரர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள்.

"காட்டினோம்," என்றாள் மகள். "எங்க வீட்டு நாய் ஜெனரலோட பேரைத் தட்டினேன். இப்பவும் தட்டறேன், நீங்களே பாருங்க."

திரையில் முதலில் ஜெனரல் வந்தது. அதன் கீழே சொந்தக்காரர் என்று முதலாளி வந்தார். அவருடைய நாய் என்று மறுபடி ஜெனரல் வந்தது. அந்த ஜெனரலின் சொந்தக்காரர் என்று மறுபடி முதலாளி வந்தார். அப்புறம் ஜெனரல், அப்புறம் முதலாளி, ஜெனரல், முதலாளி என்று திரை மேலே ஓடிக்கொண்டே இருந்தது. கடைசியில் கம்ப்யூட்டருக்கு மூச்சு முட்டி அப்படியே உறைந்துபோனது.

"எங்க தெருவுலயும் இப்படித்தாங்க," என்றான் ஒட்டடை. "காலையில யார் யாரைக் கூட்டிக்கிட்டுப் போறாங்கன்னு கடைசி வரைக்கும் தெரியாது."

மகள் சிரிக்கவில்லை. ஆஸ்பத்திரிக்காரர்கள் நேற்றே போதுமான அளவு சிரித்துவிட்டார்களாம். பாவம் பார்த்து இன்னொரு வாய்ப்புக் கொடுத்திருக்கிறார்கள். இன்று நாலு மணிக்கு மறுபடி வருகிறார்கள்.

"உள்ளுக்குள்ளேயே ஒரு கறுப்பு ஆடு மேடம்," என்று முதலாளி குரலைத் தாழ்த்தினார்.

"அதுக்கும் உங்க புரோகிராம்ல ஊசி உண்டா சார்?" என்றான் ஒட்டடை. இந்த முறை காலை முன்கூட்டியே இழுத்துக்கொண்டான்.

கறுப்பு ஆடு என்று அவர் சொன்னது போன மாதம் வேலைக்குச் சேர்ந்த பெண்ணை. ஆபீஸில் எல்லோருக்கும் அவள் 'புதுசு'. போட்டிக் கம்பெனியிலிருந்து வந்தவள். கெட்டுப்போன ஃபைலைக் கடைசியாகத் திருத்தியது அவளுடைய கம்ப்யூட்டரிலிருந்து, அவளுடைய பெயரில். விடுமுறை நாளில், ஆபீஸில் யாரும் இல்லாதபோது. முதலாளி நேற்றே எல்லோர் முன்னாலும் அவளைத் துரோகி என்று சொல்லிவிட்டார். போலீஸ் புகாரும் டைப் அடித்துத் தயாராக இருந்தது. ஆஸ்பத்திரிக்காரர்கள் வருவதற்குள் அவளை வெளியே அனுப்பிவிடவேண்டும் என்பது அவர் திட்டம்.

"நீங்க அந்தப் புரோகிராமைத் திறந்து பார்த்தீங்களா சார்?" என்று அண்ணி கேட்டார்.

"நானா? எனக்குப் புது மொழியில ஒரு எழுத்துகூடத் தெரியாது மேடம்." சிகரெட் பழக்கம் இல்லை என்று சொல்பவரின் பெருமையோடு சொன்னார் அவர்.

"அப்பா இப்ப ரெஸ்ட்ல இருக்கார்," என்றாள் மகள். "மெயில் பார்ப்பார், கையெழுத்துப் போடுவார். புரோகிராம் பக்கம் நான் விடறதில்லை."

முதலாளி கூரையைப் பார்த்தார்.

---

புதுசு தன் மேஜையில் உட்கார்ந்திருந்தாள். கட்டி முடித்த பை மடியில் இருந்தது. கண் சிவந்திருந்தாலும் அழுகையைவிடக் கோபம்தான் முகத்தில் அதிகம்.

"போலீஸ் கேஸ்னு ஒண்ணு வந்துட்டா இனிமே ஒரு கம்பெனியும் என்னை வாசல்ல விடாது மேடம். செஞ்சிருந்தா பரவாயில்லை, பட்டுட்டுப் போறேன். நான் தொடவே இல்லையே!"

"தொட்டது யாருன்னு பார்ப்போம்," என்று அண்ணி பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு வெச்சுக்கிட்டு சொல்லுங்க. அது உண்மையும்கூட."

புதுசு திரையைக் காட்டினாள். "இது நாய். நாய்னா என்னென்ன இருக்கணும்னு இங்கே எழுதியிருக்கோம். பேர், வயசு, சொந்தக்காரரோட நம்பர். நான் கடைசியா பார்த்தப்ப வெறும் நம்பர்தான் இருந்தது. யாரோ அந்த நம்பரை எடுத்துட்டு, சொந்தக்காரர் ஆளையே உள்ளே தூக்கி வெச்சிருக்காங்க. ஆளுக்குள்ள ஏற்கெனவே நாய் இருக்கு."

"நாய்க்குள்ள ஆளு, ஆளுக்குள்ள நாயி," என்று ஒட்டடை தலையாட்டினான். "நல்ல குடும்பம்."

"ஒண்ணை ஒண்ணு கைகாட்டறது தப்பில்லைங்க. எல்லா மொழியிலயும் உண்டு. பழைய மொழியில எதைத் திரையில காட்டணும்னு நாமதான் ஒவ்வொண்ணா எழுதணும். இந்தப் புது மொழி, காட்டுன்னா போதும், உள்ளே இருக்கிறதை எல்லாம் தானே விரிச்சுக் காட்டும். நாயைக் காட்டச் சொன்னோம். அது ஆளை விரிச்சுது, ஆளு நாயை விரிச்சான், அவ்வளவுதான்."

அண்ணியின் விரல் திரையின் மேல்பகுதிக்குப் போனது. "இந்த ஒரு வரி மட்டும் ஏன் சாம்பல் நிறத்துல இருக்கு?"

"அது மெஷின் படிக்காத வரி. யாரோ எழுதிப் பார்த்து, மெஷின் ஒத்துக்காததால அழிக்காம மூடி வெச்சிருக்காங்க. சொந்தக்காரர்னு பேர் மட்டும் போட்டு ஒரு அரைப்புள்ளி. உள்ளே ஒண்ணுமே இல்லை. எதுக்கு எழுதினாங்கன்னே எனக்குப் புரியலை."

"உங்களுக்குப் புரியலையா?" அண்ணியின் கண் சட்டென்று மின்னியது. ஒட்டடைக்கு அந்த மின்னல் பழக்கம். வீட்டில் பிஸ்கட் டப்பா காலியாக இருக்கும்போதெல்லாம் அதே மின்னல்தான் அவன்மேல் விழும்.

"இந்த மொழி மேலேயிருந்து கீழே படிச்சுக்கிட்டே வரும்," என்றாள் புதுசு. "முன்னாடி சொல்லாத ஆளைப் பத்திப் பேசினா நின்னுடும். நாயை மேலே எழுதினா, 'யாரு இந்தச் சொந்தக்காரர்?'னு கேட்கும். சொந்தக்காரரை மேலே எழுதினா, 'எது இந்த நாய்?'னு கேட்கும்."

"ரெண்டு சம்பந்தியும் 'நீங்க முதல்ல உட்காருங்க, நீங்க முதல்ல உட்காருங்க'ன்னு கடைசி வரைக்கும் நின்னுக்கிட்டே இருப்பாங்களே, அதானே?" என்றான் ஒட்டடை.

புதுசுக்கு அந்த நிலைமையிலும் லேசாகச் சிரிப்பு வந்தது. "அதேதாங்க. அதுக்காகவே ஒரு இணைப்புச் சொல் இருக்கு. நடுவுல அதைப் போட்டா ரெண்டு பேரும் ஒரே சமயத்துல உட்கார்ந்துடுவாங்க. இதை எழுதினவங்களுக்கு அந்தச் சொல் தெரியலை. அதனால, உள்ளே எது வேணா இருக்கலாம்னு ஒரு பையை மாட்டிவிட்டு, அதுக்குள்ள ஆளைப் போட்டிருக்காங்க. ஓடும், ஆனா அசிங்கம்."

"நீங்க முன்னாடி வேலை பார்த்த இடத்துல எந்த மொழி?"

"அது வேற. முழு ஃபைலையும் முதல்ல படிச்சு முடிச்சுடும். எது மேலே, எது கீழேன்னு நாங்க கவலைப்பட்டதே கிடையாது. இங்கே வந்த முதல் வாரம் கண்டபடி எழுதி, மெஷின்கிட்ட நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன்."

அண்ணி நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "புது வீட்டுல கரண்ட் போனா கை பழைய வீட்டு சுவரைத்தான் தடவும். இந்தச் சாம்பல் வரி அந்த மாதிரி. இந்தத் தப்பைப் பண்ணணும்னா அதுக்குன்னு ஒரு பழக்கம் இருந்திருக்கணும். உங்களுக்கு அந்தப் பழக்கமே இல்லையேம்மா."

புதுசு பையை மடியிலிருந்து கீழே வைத்தாள்.

இந்த நேரத்தில் ஒட்டடை கீபோர்டைக் குனிந்து முகர்ந்துகொண்டிருந்தான். "அண்ணி! எல்லா எழுத்தும் பளிச்சுன்னு இருக்கு. அரைப்புள்ளி மட்டும் தேய்ஞ்சு வழுக்கையாக் கிடக்கு."

"இந்தக் கம்ப்யூட்டரே பழசுங்க," என்றாள் புதுசு. "சும்மா கிடந்ததைத் தூசி தட்டிக் கொடுத்தாங்க. பாஸ்வேர்டுகூட அதுல இருந்த பழசுதான். புது மொழியில அரைப்புள்ளியே தேவையில்லை. பழைய மொழியில வரிக்கு வரி வைக்கணும்."

ஒட்டடை நிமிர்ந்தான். விளக்கில் தலை இடித்தது. அதைக்கூட அவன் பொருட்படுத்தவில்லை. "பழைய மொழிக்காரன் ஒருத்தன்! இந்த ஆபீஸ்ல பழைய மொழி எழுதினவங்க யாரு?"

"பழசு சார்," என்றாள் புதுசு. முகம் வாடிவிட்டது. "ஆனா அவர் ரொம்ப நல்லவருங்க."

---

முதலாளியோடு முதல் நாளிலிருந்து இருப்பவருக்கு ஆபீஸ் வைத்த பெயர் பழசு. அவருக்கு அது தெரியும் என்பது ஆபீஸுக்குத் தெரியாது. மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, டீயில் பிஸ்கட்டை நனைத்துக்கொண்டிருந்தார்.

சாம்பல் வரியைக் காட்டியதும் அவர் முகம் மலர்ந்தது. காணாமல்போன தோழனைக் கூட்டத்தில் பார்த்துவிட்ட மலர்ச்சி.

"அடடே, இதுவா! பழைய மொழியில இப்படித்தாம்மா. ரெண்டு பேரு ஒருத்தரை ஒருத்தர் கைகாட்டறப்ப, முன்னாடியே மெஷின் காதுல போட்டு வைக்கணும். இப்படி ஒருத்தர் வரப்போறார், விவரம் பின்னால வரும், இப்போதைக்குப் பேரை மட்டும் வெச்சுக்கோன்னு. அதுவும் தலையை ஆட்டிக்கிட்டுக் காத்திருக்கும்."

அண்ணி சிரித்தார். எதற்குச் சிரித்தார் என்று ஒட்டடைக்குப் புரியவில்லை. புரிந்துகொள்ள அவனுக்கு நேரமும் இல்லை. குற்றவாளியைப் பிடித்த மிதப்பில் இருந்தான்.

"ஆக, எழுதினது நீங்கதான்!"

"தம்பி, நனைச்ச பிஸ்கட் விழுந்துடும், இருங்க." அதை வாயில் போட்டு விழுங்கியபின் சொன்னார். "நான் அந்த வரியை விட்டு ரொம்ப நாளாச்சு."

"எல்லாரும் விட்டுட்டேன்னுதான் சொல்வாங்க!"

"ஒட்டடை," என்றார் அண்ணி. "பெரிய அறையில ஒரு வெள்ளைப் பலகை இருந்ததே. அதைத் துடைச்சு வை. முதலாளி, அவர் பொண்ணு, எல்லாரையும் கூப்பிடு. மார்க்கர் பேனாவை மட்டும் முதலாளி பக்கத்துல வை."

"ஏன் அவர் பக்கத்துல?"

"அவர் முதலாளியாச்சே. மரியாதை வேண்டாமா?"

---

மணி நாலை நெருங்கிக்கொண்டிருந்தது. முதலாளி நிலைகொள்ளாமல் நாற்காலியில் அசைந்தார். புகார்க் காகிதம் அவர் எதிரே இருந்தது.

"ஒரு சின்னப் பரீட்சை," என்றார் அண்ணி. "நாயும் சொந்தக்காரரும் ஒருத்தரை ஒருத்தர் கைகாட்டணும். புது மொழியில எழுதிக் காட்டுங்க. முதல்ல நீங்கம்மா."

புதுசு எழுதினாள். நாய், அதன் கீழே இணைப்புச் சொல், அதன் கீழே சொந்தக்காரர். மகள் தலையசைத்தாள்.

அடுத்துப் பழசு எழுந்தார். ஒட்டடை பலகையின் உச்சியையே வெறித்தான். அந்த வெற்று வரியும் அரைப்புள்ளியும் இப்போது வரும், அப்போது வரும் என்று. பழசு நிதானமாக நாயை எழுதினார், இணைப்புச் சொல்லை எழுதினார், சொந்தக்காரரை எழுதினார், போய் உட்கார்ந்தார். கையெழுத்தைத் தவிர இரண்டுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. ஒட்டடையின் முகத்தில் அசடு வழிந்தது.

"தெரிஞ்சவங்க எழுதியாச்சு. இப்ப தெரியாதவ எழுதறேன்," என்று அண்ணி பலகையை அழித்துவிட்டு, கோணல் எழுத்தில் எழுத ஆரம்பித்தார். நாய் என்றால் பேர், வயசு, சொந்தக்காரர். கீழே, சொந்தக்காரர் என்றால் பேர், நாய். இணைப்புச் சொல் இல்லை. பலகையின் உச்சியில் ஒரு வரி அளவுக்கு இடம் விட்டிருந்தார். மார்க்கரை மறுபடி முதலாளி முன்னால் வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

புதுசு வாயைத் திறந்தாள். அண்ணி கண்ணைக் காட்டியதும் மூடிக்கொண்டாள். 

முதலாளி பலகையைப் பார்த்தார். டையைச் சரி செய்தார். மறுபடி பலகையைப் பார்த்தார். சட்டைக்குள் எறும்பு புகுந்தவர்போல நெளிந்தார். எதிரே ஒரு படம் கோணலாக மாட்டியிருந்தால் சிலருக்குச் சோறு இறங்காதே, அந்த அவஸ்தை. கடைசியில் பொறுக்கமுடியாமல் எழுந்துவிட்டார்.

"என்ன மேடம் இது, நாய்க்குள்ள சொந்தக்காரர்னு எழுதியிருக்கீங்க. அவர் யாருன்னு மேலே சொல்லவே இல்லையே! முதல்ல ஒரு வார்த்தை சொல்லி வைக்கவேண்டாமா?"

மார்க்கரை எடுத்தார். பலகையின் உச்சியில் 'சொந்தக்காரர்' என்று எழுதினார். பக்கத்தில் ஒரு அரைப்புள்ளி வைத்தார். அதை வைத்தபோது அவர் முகத்தில் இருந்த திருப்தியை ஒட்டடை வாழ்க்கையில் மறக்கமாட்டான்.

"சார்," என்றார் பழசு மெதுவாக. "அது பழைய மொழி. புது மொழி இதை ஒத்துக்காது."

"தெரியும்யா! சிவப்பா கோடு போட்டுக் கத்தும். அந்த வரியை மூடி வெச்சுட்டுக் கீழே ஒரு பையை மாட்டிவிட்டா வாயை மூடிக்கும். நான் அப்படித்தானே…"

வாக்கியம் பாதியில் நின்றது. மார்க்கரின் மூடி கீழே விழுந்து உருண்டது.

"அப்பா," என்றாள் மகள். "புது மொழியில ஒரு எழுத்துகூடத் தெரியாதுன்னீங்க."

முதலாளி உட்கார்ந்தார். உருண்டை மனிதர் ஒரே நொடியில் பாதியாகிவிட்டார்.

"மெயில் பார்க்கத்தாம்மா வந்தேன்," என்று ஆரம்பித்தார். "ஆபீஸ்ல யாருமில்லை. என் பழைய கம்ப்யூட்டர் அந்தப் பொண்ணு மேஜையில இருந்தது. என் பாஸ்வேர்டே வேலை செஞ்சுது. கை துறுதுறுன்னுச்சு. ஜெனரலைத் தேடினா சொந்தக்காரர்னு வெறும் நம்பர் வருது. அங்கே என் பேர் வந்தா நல்லா இருக்குமேன்னு… ஒரே ஒரு தடவை வந்தாப் போதும்னுதான்."

"ஒரு தடவை கேட்டீங்க, ஓராயிரம் தடவை வந்தது," என்றான் ஒட்டடை.

"அது ஓடிச்சும்மா! சிவப்பு எல்லாம் போயிடுச்சு, சந்தோஷமா வீட்டுக்குப் போனேன். ஜெனரலைத் தட்டிப் பார்க்கத் தோணலை. அன்னைக்கே எனக்கப்புறம் யாரோ வந்து கெடுத்துட்டாங்கன்னு சத்தியமா நம்பினேன்."

இதில் அவர் பொய் சொல்லவில்லை என்று முகமே காட்டியது. அதனால்தான் ஒட்டடைக்கு இன்னும் கோபம் வந்தது. தான் செய்தது நன்றாகத்தான் இருக்கும் என்று அவருக்கு அத்தனை நிச்சயம். கெடுத்தது வேறொருவராகத்தான் இருக்கவேண்டும் என்பதிலும் அத்தனை நிச்சயம்.

முதலாளி புகார்க் காகிதத்தை எடுத்து நாலாகக் கிழித்தார்.

"கிழிச்சா ஆச்சா சார்?" புதுசு அவரை நேராகப் பார்த்துக் கேட்டாள். "நேத்து எல்லார் முன்னாடியும் சொன்னீங்க. ராத்திரி முழுக்க நான் தூங்கலை."

முதலாளி தலையைக் குனிந்துகொண்டார்.

அவள் பதிலுக்காகக் காத்திருக்கவில்லை. நேராகத் தன் மேஜைக்குப் போனாள். பழசு பிஸ்கட் பாக்கெட்டோடு பின்னால் போனார். புரோகிராமில் மாட்டியிருந்த அந்த அசிங்கப் பையைக் கழற்றி எறிந்தாள். சாம்பல் வரியை அழித்தாள். நடுவில் இணைப்புச் சொல்லைப் போட்டாள். நாயைக் காட்டும்போது சொந்தக்காரரை விரிக்காதே, பேரை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்து என்று மெஷினுக்குக் கண்டிப்பாக எழுதி வைத்தாள்.

ஒட்டடை அண்ணியை ஓரமாக இழுத்தான். "உங்களுக்கு எப்போ தெரியும்?"

"வாசல்லயே அவர் பேச்சு காதுல உறுத்திச்சு. ஒரு ஆள் இருக்கு அப்புறம் சொல்றேன், சம்பவம் நடந்திருக்கு அப்புறம் சொல்றேன்னு வரிசையா பேரை மட்டும் வெச்சுட்டு, விவரத்தைப் பின்னால தள்ளிக்கிட்டே போனாரே. பழசு அந்த வரிக்கு அர்த்தம் சொன்னதும் நிச்சயமாயிடுச்சு."

"அதுக்கு எதுக்கு என் காலை மிதிச்சீங்க?"

"நீ கிண்டல் பண்ணி, அவர் உஷாராயிட்டா? ஆளு தன் பாட்டுக்குப் பேசிக்கிட்டே போகணும்ல."

லிஃப்ட் மணி அடித்தது. ஆஸ்பத்திரிக்காரர்கள் வந்துவிட்டார்கள். நேற்றுச் சிரித்த அதே டாக்டர் முன்னால் வந்தார். இன்றும் சிரிக்கத் தயாராக உதடு விரிந்திருந்தது. முதலாளி வாசலுக்குப் போனார். எல்லோரும் பின்னால் நின்றார்கள்.

"வாங்க டாக்டர், வாங்க. உள்ளே ஒரு…"

நிறுத்தினார். திரும்பிப் புதுசைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நேத்துக் கெடுத்தது நான். அதுக்கு இந்தப் பொண்ணைத் துரோகின்னு சொன்னதும் நான். இன்னைக்குச் சரி பண்ணினது இவங்க. எதையும் அப்புறத்துக்கு வைக்காம எல்லாத்தையும் சேர்த்தே சொல்லிடறேன்."

டாக்டரின் உதடு தானாக மூடிக்கொண்டது. மகள் தன் அப்பாவின் முதுகை ஒருமுறை தட்டினாள். புதுசு கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஜெனரலின் பேரைத் தட்டினாள். திரையில் ஜெனரல் வந்தது. கீழே சொந்தக்காரரின் பேர் வந்தது. அதோடு நின்றது.

டாக்டர் திரையைப் பார்த்தார், திருப்தியாகத் தலையசைத்தார். பிறகு, விளக்குக்கும் தரைக்கும் நடுவே நீண்டு நின்ற ஒட்டடையை அண்ணாந்து பார்த்தார்.

"இவர் யாரு?"

புதுசு அன்று முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்தாள்.

"அப்புறம் சொல்றேன் டாக்டர். முதல்ல உட்காருங்க."